ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டதா? ஆழ்வார்திருநகரி சொல்லும் பாடம்!

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அவதரித்த ஊர், உறங்காப்புளி நிற்கும் ஊர், நவதிருப்பதிகளில் ஒன்று என்று இதைப் பலரும் அறிவார்கள். இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தொலைந்துபோன நூல்கள் இங்கே வந்தால் கிடைக்கும்! ஒருமுறை அல்ல, இரண்டுமுறை அப்படிக் கிடைத்திருக்கின்றன.

முதல் கதையை வைணவ மரபு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய காட்டுமன்னார்கோவிலில் இருந்தவர் நாதமுனிகள். கோயிலுக்கு வந்த யாத்ரீகர்கள் சிலர் பத்துப் பாசுரங்களைப் பாடக் கேட்டார். 'ஆயிரத்தில் இவை பத்து' என்று அந்தப் பாசுரங்களே கணக்குச் சொல்லின. அப்படியானால் மீதி எங்கே? பாடியவர்களுக்குத் தெரியவில்லை. நாதமுனிகள் தேடிக்கொண்டு திருக்குருகூருக்கு, அதாவது இன்றைய ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். அங்கே மதுரகவியாழ்வாரின் 'கண்ணிநுண்சிறுத்தாம்பு' பதிகத்தைப் பன்னிரண்டாயிரம் முறை ஓதி, தேடிவந்த ஆயிரத்தோடு நாலாயிரத்தையும் பெற்றார் என்பது மரபு.

இரண்டாவது கதை வரலாறு. 1888-ல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டின் ஏட்டுச் சுவடிகளைத் தேடி இந்த ஊருக்கு வந்தார். கையில் ஏற்கெனவே சில சுவடிகள் இருந்தன. ஆனால், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறை. ஆழ்வார்திருநகரியில் லட்சுமண கவிராயர் வீட்டில் கட்டுக்கட்டாக ஏடுகள் இருந்தன. தேடிய நூல் மட்டும் அகப்படவில்லை. சுவாமி புறப்பாடு நடந்த ஓர் இரவில், உறவினர் வீட்டிலிருந்து ஒரு சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார் கவிராயர். நிலா வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால், 'முல்லைப்பாட்டு' என்ற பெயர் கண்ணில் பட்டது! பத்தில் ஏழு பாட்டுகள் அந்தச் சுவடியில் இருந்தன. மறு ஆண்டே, 1889-ல், பத்துப்பாட்டு அச்சில் வந்தது.

சரி, இதற்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. செல்லரித்த ஏட்டிலிருந்து நூலை மீட்ட முறையும், செத்துக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த முறை தெரிந்திருந்தால் பல வீடுகளில் கல்யாண ஆல்பமும், மறைந்துபோன அப்பாவின் வீடியோவும் பிழைத்திருக்கும்.

டப்பாவுக்குள் என்ன நடக்கிறது?

உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை 1956-ல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்பி. இன்றைய போனில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கே அது நிறைந்துவிடும். இன்று உள்ளங்கையளவு டப்பாவில் பல டிபி அடங்குகிறது. ஆனால், அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சு பூசிய தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல் ஒரு சிறிய கை, நுனியில் வாசிக்கும் முனையோடு இங்குமங்கும் ஓடுகிறது.

அந்த முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் கீழே விழுந்தாலோ, உள்ளே தூசி புகுந்தாலோ, முனை தட்டில் உரசும். ஏட்டில் எழுத்தாணி எழுதும். இங்கே அதே முனை எழுதியதைச் சுரண்டிவிடும்.

தட்டு முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கு 'செக்டார்' என்று பெயர். பழைய டிஸ்க்குகளில் ஒரு செக்டாரில் 512 பைட், புதியவற்றில் 4,096 பைட். வயதாக ஆக, சில செக்டார்கள் வாசிக்க முடியாமல் போகும். ஏட்டில் பூச்சி அரித்த ஓட்டை மாதிரி. ஓட்டை விழுந்த இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருக்கும். அதை உடனே பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம்.

டிஸ்க் முன்கூட்டியே சொல்லும் அறிகுறிகள்

பெரும்பாலான டிஸ்க்குகள் சொல்லாமல் கொள்ளாமல் போவதில்லை. இப்படியெல்லாம் ஜாடை காட்டும்:

• ஒரு ஃபோல்டரைத் திறக்கவே பல நிமிடங்கள் ஆகும்.

• சில படங்கள் பாதி மட்டும் தெரியும். கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் இருக்கும்.

• காப்பி செய்யும்போது பாதியில் நின்று 'எரர்' காட்டும்.

• திடீரென்று, 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும்.

• 'டிக்... டிக்... டிக்...' என்று கடிகாரம்போல சத்தம் வரும். இதுதான் மிக மோசமான அறிகுறி.

டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்துவைக்கும் ஏற்பாடும் உண்டு. 'ஸ்மார்ட்' என்று பெயர். பழுதான எத்தனை செக்டார்களுக்கு மாற்று இடம் கொடுக்கப்பட்டது, எத்தனை செக்டார்கள் வாசிக்க முடியாமல் காத்திருக்கின்றன என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கும். லினக்ஸில் 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்ற இலவச மென்பொருள் இதைப் படித்துக் காட்டும். காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து ஏற ஆரம்பித்தால், அன்றைக்கே பிரதி எடுத்துவிட வேண்டும். ஸ்மார்ட் கணக்கு நன்றாக இருந்தும் டிஸ்க் போவது உண்டு. அதனால், அதை மட்டுமே நம்பியும் இருக்கக் கூடாது.

பதற்றத்தில் செய்யும் தவறுகள்

அறிகுறி தெரிந்ததும் வீட்டில் நடப்பது என்ன? கழற்றி மாட்டுகிறார்கள். ஐந்தாறு முறை ஆன் செய்து பார்க்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஃப்ரீசரில் வைக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த ரெக்கவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்கிறார்கள். விண்டோஸ் கேட்கிறதே என்று 'டிஸ்க் ரிப்பேர்' கொடுக்கிறார்கள். பல டிஸ்க்குகள் முதலில் வந்த பழுதைவிட, இந்த வைத்தியத்தால்தான் சாகின்றன.

காரணம் எளிது. சாகப்போகும் டிஸ்க்குக்கு எத்தனை மணி நேரம் உயிர் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரிப்பேர் மென்பொருள் அந்த நேரத்தைத் திருத்துவதில் செலவழிக்கிறது. அதுமட்டுமல்ல, அது பழைய டிஸ்க்கிலேயே எழுதவும் செய்கிறது. எழுதினால் பழையது அழியும். ஃப்ரீசரில் வைத்து வெளியே எடுத்தால், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஒரே ஓர் ஏட்டுப் பிரதி கையில் இருக்கும்போது, அதன்மேலேயே திருத்தம் எழுதும் பதிப்பாசிரியர் உண்டா? முதலில் பிரதி எடுத்துக்கொள்வார். தன் சந்தேகங்களையும் திருத்தங்களையும் அந்தப் பிரதியில்தான் எழுதுவார். டிஸ்க்குக்கும் அதே விதிதான். முதலில் பிரதி, அப்புறம்தான் வைத்தியம்.

ஏன் லினக்ஸ்?

1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். 'அதெல்லாம் நிபுணர்கள் சமாசாரம்' என்று ஒதுங்க வேண்டாம். நீங்கள் இதை ஆண்ட்ராய்டு போனில் படிக்கிறீர்கள் என்றால், அந்த போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் சேர்த்து 'பாஸ்' என்ற லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. பல வீடுகளில் அந்த லேப்டாப் இன்னும் பரணில் இருக்கும்.

டேட்டா மீட்புக்கு லினக்ஸைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள்.

ஒன்று, இதை ஒரு பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். பழுதான டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டியதில்லை. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கே பழுதாகியிருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதில் எதையாவது எழுதிக்கொண்டேயிருக்கும். பென் டிரைவ் லினக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. இதற்கென்றே 'சிஸ்டம்ரெஸ்க்யூ' என்ற லினக்ஸ் தொகுப்பும் கிடைக்கிறது.

இரண்டு, டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களைப் புரிந்துகொள்ளாமலேயே, முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார்வரை அப்படியே பிரதி எடுக்க லினக்ஸால் முடியும். எழுத்து புரியாவிட்டாலும் ஏட்டைப் படம் பிடித்துக்கொள்வதைப்போல.

மூன்று, கருவிகள் எல்லாமே இலவசம்.

ஓட்டையைத் தாண்டிப் போ. பிறகு திரும்பி வா

இந்த வேலையின் நாயகன் 'ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ'. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதி, 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்.

சாதாரணமாக காப்பி செய்யும்போது, வாசிக்க முடியாத செக்டார் வந்ததும் கம்ப்யூட்டர் அங்கேயே நின்று திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கும். முனையும் அதே இடத்தில் அல்லாடும். கடைசியில் நல்ல பகுதியை எடுப்பதற்குள் டிஸ்க்கே போய்விடும்.

டிடிரெஸ்க்யூ வேறு மாதிரி. அதன் வேலையை நான்கு சுற்றுகளாகச் சொல்லலாம்.

முதல் சுற்றில், சுலபமாக வரும் பகுதிகளையெல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும். இடையூறு வந்தால் நிற்காது, தாண்டிப் போய்விடும். இரண்டாவது சுற்றில், தாண்டிய பகுதிகளின் ஓரங்களுக்கு வந்து, ஓட்டை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்க்கும். மூன்றாவது சுற்றில், அந்த இடைவெளிக்குள் ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டி எடுக்கும். அப்போதும் வராதவற்றை, நீங்கள் சொன்னால், நான்காவது சுற்றில் மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கும்.

இதற்கெல்லாம் கூடவே ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டே போகும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, எது இன்னும் தொடப்படவில்லை என்ற கணக்கு அதில் இருக்கும். நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை. டிஸ்க் சூடானால் நிறுத்தி ஆறவிடலாம். திரும்ப ஆரம்பித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மொத்தம் எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு என்பதும் எப்போதும் தெரியும். 'ஆயிரத்தில் இவை பத்து' என்று பாசுரம் சொன்ன கணக்கு இங்கேயும் இருக்கிறது!

இரண்டு குறைப் பிரதி, ஒரு நிறைப் பிரதி

டிடிரெஸ்க்யூவில் பலருக்கும் தெரியாத ஒரு வித்தை உண்டு. ஒரே விஷயத்தின் இரண்டு பழுதான பிரதிகள் இருந்தால், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம். முதல் பிரதியில் கிடைக்காத செக்டார்களை மட்டும் இரண்டாவது பிரதியிலிருந்து எடுத்து நிரப்பும்.

உதாரணத்துக்கு ஒரு கல்யாண டிவிடி. ஒரே மாஸ்டரிலிருந்து எடுத்த இரண்டு பிரதிகளில் ஒன்று பெண் வீட்டில், ஒன்று மாப்பிள்ளை வீட்டில். இரண்டிலும் கீறல், ஒன்றில் தாலி கட்டும் இடத்தில் நிற்கிறது, இன்னொன்றில் ஊஞ்சலில் நிற்கிறது. இரண்டு கீறலும் வேறு வேறு இடத்தில் இருப்பதால், சேர்த்துப் பார்த்தால் முழுக் கல்யாணமும் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இது உ.வே.சா. செய்த வேலையேதான். பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வரும். அவர் கையிலிருந்த சுவடிகளில் அந்த வரிசையின் நடுவே சில பூக்களின் பெயர்கள் விட்டுப்போயிருந்தன. தாமாக எதையும் இட்டு நிரப்பாமல், அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்து தேடினார். தருமபுரம் ஆதீனத்துச் சுவடி ஒன்றில் அந்தப் பகுதி கிடைத்தது. ஓர் ஊர் ஏட்டின் ஓட்டையை இன்னோர் ஊர் ஏடு அடைத்தது.

வீட்டில் செய்யும் முறை

1. பழுதான டிஸ்க்கை உடனே நிறுத்துங்கள். தயாரிப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

2. அதைவிடப் பெரிய, நல்ல டிஸ்க் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். 1 டிபி டிஸ்க்கைக் காப்பாற்ற 2 டிபி டிஸ்க் இருந்தால் நிம்மதி.

3. வேறொரு கம்ப்யூட்டரில், பென் டிரைவில் லினக்ஸைத் தயார் செய்யுங்கள். பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்.

4. எந்த டிஸ்க் பழையது, எது புதியது என்று கொள்ளளவையும் வரிசை எண்ணையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். இந்த வேலையில் இதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்க்கைக் கொண்டுவந்து உங்கள் படங்களின்மேல் எழுதிவிடும். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

5. பழைய டிஸ்க்கைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். நேரே டிடிரெஸ்க்யூவை ஓட்டி முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாகப் பிரதி எடுங்கள். முதலில் சுலபமான சுற்று மட்டும். அது முடிந்த பிறகு கடினமான சுற்றுகள்.

6. பொறுமை. நல்ல நிலையில் இருக்கும் 1 டிபி டிஸ்க்குக்கே பல மணி நேரம் ஆகலாம். நோயாளி டிஸ்க் என்றால் நாட்கணக்கில்கூட ஓடும்.

7. முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். இனி எல்லா வேலையும் பிரதியின்மேல்தான். ரிப்பேர் மென்பொருளையும் இப்போது தாராளமாக ஓட்டலாம். தப்பு நடந்தால் இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாம்.

டெலிட் ஆனது அழிந்துவிட்டதா?

பிரதி கைக்கு வந்தாலும் சில சமயம் ஃபைல்கள் தெரியாது. அதற்கும் கருவிகள் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' என்ற இரண்டு இலவச மென்பொருள்கள்.

டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பதிவேடு இருக்கும். ஃபைலை டெலிட் செய்தால் பதிவேட்டில்தான் அடிப்பார்கள். பஞ்சாயத்துப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் வீடு இடிந்துவிடாதல்லவா? அதுபோலத்தான். அந்த இடத்தில் புதிதாக எதையாவது எழுதும்வரை பழையது அங்கேயே இருக்கும். தவறுதலாக டெலிட் செய்துவிட்டால், அந்த டிஸ்க்கையோ மெமரி கார்டையோ தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

டிஸ்க்கின் பகுதிகளே காணாமல் போய்விட்டால், அவற்றின் எல்லைகளைத் தேடிப் பதிவேட்டைச் சீராக்கப் பார்ப்பது டெஸ்ட்டிஸ்க். பதிவேடே உருப்படியாக இல்லாவிட்டால், ஃபோட்டோரெக். அது பதிவேட்டைப் பார்ப்பதேயில்லை. ஒவ்வொரு வகை ஃபைலும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தோடுதான் ஆரம்பிக்கும். ஜேபெக் படத்துக்கு ஒன்று, பிடிஎஃப்புக்கு ஒன்று. அந்த அடையாளங்களைத் தேடித் தேடி ஃபைல்களை வெளியே எடுக்கும். தலைப்பு ஏடு தொலைந்த சுவடியை, நடையை வைத்து இன்ன நூல் என்று புலவர்கள் கண்டுபிடிப்பார்களே, அந்த மாதிரி.

இதில் ஒரு குறை உண்டு. ஃபைலின் பெயரும் ஃபோல்டரும் பெரும்பாலும் திரும்ப வராது. 'அக்கா வளைகாப்பு' என்று நீங்கள் வைத்த பெயர் போய், வெறும் எண்களோடு ஆயிரக்கணக்கான படங்கள் வந்து நிற்கும். உட்கார்ந்து பிரிக்க வேண்டும். துண்டு துண்டாகச் சிதறியிருந்த ஃபைல்கள் முழுதாகக் கிடைக்காமலும் போகலாம்.

இது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது

லினக்ஸ் கருவிகள், டிஸ்க் சுழன்றுகொண்டு, ஓரளவாவது வாசித்துக்கொண்டிருக்கும்வரைதான் உதவும். 'டிக் டிக்' சத்தம், உரசும் சத்தம், சுழலவே இல்லை, கம்ப்யூட்டருக்கு டிஸ்க் இருப்பதே தெரியவில்லை என்றால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. அப்போது ஆன் செய்வதே கெடுதல். தூசியில்லாத அறையும் உதிரி பாகங்களும் உள்ள டேட்டா ரெக்கவரி மையத்துக்குத்தான் போக வேண்டும். செலவு பல ஆயிரங்களில் தொடங்கும். கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'திறந்து பார்க்கலாமே' என்று ஸ்க்ரூ டிரைவரோடு யார் வந்தாலும் விடாதீர்கள்.

தண்ணீரில் நனைந்த டிஸ்க்கும் இந்த வகைதான். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு 2023 டிசம்பர் மறக்காது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரங்களைச் சூழ்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அப்படி ஒரு வெள்ளத்தில் பீரோவில் இருக்கும் பத்திரமும், மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரும் ஒன்றாகத்தான் நனையும்.

பல ஹார்டு டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு சிறு துவாரம் இருக்கும். வெள்ள நீர் அதன் வழியாக உள்ளே போகலாம். வெளியே காய்ந்துவிட்டதே என்று கரண்ட் கொடுத்தால், தட்டில் ஒட்டியிருக்கும் வண்டலில் முனை இழுபட்டுக் கிழிக்கும். ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், அரிசிக்குள் புதைக்க வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, சீக்கிரம் நிபுணரிடம் கொண்டுபோவதுதான் வழி.

'நனைந்ததெல்லாம் போனதுதான்' என்று குப்பையில் போடவும் அவசரப்படாதீர்கள். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் உயிரிழந்தார்கள். சில மாதங்கள் கழித்து, வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் அந்தக் கலத்தின் ஹார்டு டிஸ்க் கிடைத்தது. கருகி, உள்ளே மண் புகுந்து கிடந்தது. அமெரிக்காவின் க்ரோல் ஆன்ட்ராக் நிறுவன நிபுணர்கள் தட்டுகளைக் கழுவி, வேறொரு டிஸ்க்கில் பொருத்தி, 99 சதவிகிதத் தகவலை மீட்டார்கள். செனான் வாயுவைப் பற்றி விண்வெளியில் நடந்த பரிசோதனையின் தகவல் அது. 2008-ல் ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது பழைய டாஸ். அது தகவலைச் சிதறவிடாமல் அடுத்தடுத்து எழுதியிருந்ததும் மீட்பவர்களுக்குக் கைகொடுத்தது. அதே கலத்தில் இருந்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. எல்லாம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் யாருக்கும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. லேப்டாப்களில் இப்போது வரும் எஸ்எஸ்டி வேறு ஜாதி. சுழலும் தட்டு கிடையாது, சத்தமும் கிடையாது, சொல்லாமலே போகும். டெலிட் செய்ததை அது தானாகவே உள்ளே சுத்தம் செய்துவிடுவதால், பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியாது. ஸ்மார்ட்போனில் தகவல்கள் பூட்டிய நிலையில் சேமிக்கப்படுவதால், போன் செத்துவிட்டால் அதைவிடக் கஷ்டம். பேக்கப் ஒன்றுதான் கதி.

நெருப்பில் போன ஏடுகள்

உ.வே.சா. தேடிப்போன இடங்களிலெல்லாம் நிலா வெளிச்சம் கிடைக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழைய ஏடுகள் நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். போட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. 'கெட்டுப்போனது, இனி யாருக்கு உதவும்?' என்று நினைத்தார்கள். அதையும் மரியாதையோடு செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுகிறோமே, அந்தக் கணத்தில் இதை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் டிஸ்க்கை மட்டும் கழற்றி, மேலே ஒரு சீட்டு ஒட்டி, தேதி எழுதி வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அதைவிட நல்லது, மீட்கவே தேவையில்லாமல் வாழ்வது. கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் '3-2-1' கணக்கு இது: முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. அந்த ஒன்று கிளவுடில் இருக்கலாம், வெளியூரில் இருக்கும் தங்கை வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். தாமிரபரணியில் வெள்ளம் வந்தாலும் தங்கை வீட்டுப் பிரதி நனையாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். திறந்தே பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

பத்துப்பாட்டுக்கு இன்று அந்தக் கவலை இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், அதை மற்ற தமிழ் நூல்களோடு இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. எத்தனை ஊர்களில், எத்தனை கம்ப்யூட்டர்களில், எத்தனை போன்களில் அதன் பிரதிகள் இருக்கின்றன என்று யாராலும் எண்ண முடியாது.

உங்கள் கல்யாணப் படங்களுக்கு எத்தனை பிரதிகள் இருக்கின்றன? ஒன்றுதான் என்றால், இன்று ராத்திரியே இன்னொன்று போட்டுவிடுங்கள்.